முதல் காருக்கு காம்பாக்ட் எஸ்யூவி: பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மதிப்பீடு

டிரைவிங் ஸ்கூலில் பதினைந்து, இருபது நாள் ஓட்டி லைசென்ஸ் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, எந்த வண்டி வாங்கலாம் என்பது. முன்பெல்லாம் ஆல்ட்டோ, சான்ட்ரோ, வேகன்-ஆர் என்று யோசிக்காமல் பதில் வரும். இன்று ஒன்றிரண்டு லட்சம் கூடப் போட்டால் உயரமான காம்பாக்ட் எஸ்யூவியே கிடைக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம், வேகத்தடையில் அடி தட்டாது, சீட்டில் உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியும். 2024-ல் இந்தியாவில் அதிகம் விற்ற காரே இந்த வகையைச் சேர்ந்த டாடா பஞ்ச்தான்.

ஆனால் ஷோரூமில் நடக்கும் பேச்சு முழுக்க சன்ரூஃப், டச் ஸ்கிரீன் அளவு, 100 கிலோமீட்டரை எத்தனை நொடியில் தொடும் என்பதைச் சுற்றியே இருக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர் முதல் ஆறு மாதம் படும் பாடெல்லாம் 0-வுக்கும் 20-க்கும் நடுவில். குறுகிய தெருவில் எதிரே தண்ணீர் லாரி வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அபார்ட்மென்ட் தூண்களுக்கு நடுவில் வண்டியை நுழைக்க வேண்டும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போக வேண்டும். வண்டி ஆஃப் ஆவதும், பின்னால் உருள்வதும், கதவில் கோடு விழுவதும் இந்த இடங்களில்தான். அதனால் இங்கே ஒவ்வொரு வண்டியும் பத்து கிலோமீட்டர் வேகத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் பார்க்கிறோம். மற்றதெல்லாம் பிறகு.

எவை இந்தக் கணக்கில் வருகின்றன

நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருந்தால் அது வரிக் கணக்கில் சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இந்த வரம்பில் ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம். மாருதி பிரெஸ்ஸா இதற்கு நல்ல உதாரணம். நீளம் 3995 மி.மீ.தான், ஆனால் என்ஜின் 1462 சி.சி. என்பதால் பெரிய காருக்கான வரி அதன் தலையில் விழுகிறது. அதே அளவு வண்டிகளைவிட அது ஏன் விலை கூட என்று கேட்பவர்களுக்கு இதுதான் காரணம்.

இந்த வகைக்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டு. டாடா பஞ்ச் (2021-ல் வந்த வடிவம் 3827 மி.மீ.), ஹூண்டாய் எக்ஸ்டர் (3815 மி.மீ.) இரண்டும் குட்டி. டாடா நெக்ஸான், பிரெஸ்ஸா, மாருதி ஃப்ரான்க்ஸ், நிசான் மேக்னைட், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஸ்கோடா கைலாக் எல்லாம் 4 மீட்டரை ஒட்டி நிற்பவை. 17, 18 செ.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். தெருவில் வண்டியைத் திருப்பும்போது ஒரு தடவை முன்னும் பின்னும் போவதா, மூன்று தடவையா என்பதை முடிவு செய்வது அந்த 17 செ.மீ.தான்.

சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது

டெஸ்ட் டிரைவுக்குப் போனால் சாவியைத் திருகும் முன் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சேல்ஸ்மேன் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. முதலில் கிளட்ச்சை முழுதாக அமுக்குங்கள். அமுக்கிய நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் சீட் தூரம். முதுகை சீட்டில் ஒட்டி வைத்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே சமயத்தில் அமைவது கஷ்டம். கிளட்ச்சுக்காக சீட்டை முன்னால் இழுத்தால் ஸ்டீயரிங் நெஞ்சுக்கு வந்துவிடும். சீட்டின் உயரத்தைக் கூட்டும் லீவரும், ஸ்டீயரிங்கை மேலே கீழே நகர்த்தும் வசதியும் உள்ள வேரியன்ட்தான் இவர்களுக்குச் சரிவரும். பல மாடல்களில் ஆரம்ப வேரியன்ட்டில் சீட் உயரம் கூட்ட முடியாது. சன்ரூஃபுக்காக மேல் வேரியன்ட் போகிறவர்கள் இருக்கிறார்கள். போக வேண்டியது இந்த லீவருக்காக.

அடுத்தது, முன்னால் என்ன தெரிகிறது. எஸ்யூவியில் உயரமாக உட்கார்ந்தால் தூரம் நன்றாகத் தெரியும், கிட்டம் தெரியாது. உயரமான பானெட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளை நின்றால் கண்ணில் படாது. இதை அளக்க ஒரு சுலபமான வழி, வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன். சுமார் அரை மீட்டர் உயரம் இருக்கும். காலி கேனை பம்பருக்கு நேர் முன்னால் வைத்துவிட்டு சீட்டில் உட்காருங்கள். கேன் தெரியாது. உடன் வந்தவரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டியை விட்டுத் தள்ளி நகர்த்தச் சொல்லுங்கள். மூடி கண்ணில் படும் இடம் பம்பரிலிருந்து எத்தனை அடி என்று எண்ணுங்கள். வாங்க நினைக்கும் இரண்டு மூன்று வண்டிகளிலும் ஒரே ஆள், ஒரே சீட் உயரத்தில் இதைச் செய்தால் எந்த வண்டி உங்களுக்கு எவ்வளவு மறைக்கிறது என்பது கையிலே கிடைத்துவிடும். கேனைக் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தால் ஷோரூமில் இருக்கும் கேனையே கேளுங்கள், கொடுப்பார்கள்.

பிரெஸ்ஸா மாதிரி தட்டையான, நிமிர்ந்த பானெட் உள்ள வண்டியில் அதன் முன் ஓரங்கள் சீட்டிலிருந்தே தெரியும். வண்டி எங்கே முடிகிறது என்ற கணக்கு புதியவருக்குச் சீக்கிரம் பிடிபடும். ஃப்ரான்க்ஸின் பின்பக்கம் கூபே போலச் சரிந்து இறங்குவதால் பின் கண்ணாடி வழியாகத் தெரிவது குறைவு, கேமராவை நம்பித்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்களையும் பாருங்கள். மோதலைத் தாங்குவதற்காக இப்போது எல்லா வண்டியிலும் அவை தடித்துவிட்டன. ரவுண்டானாவில் வலது பக்கம் திரும்பும்போது ஒரு முழு பைக்கையே அந்தத் தூண் மறைத்துவிடும். உடம்பை முன்னால் சாய்த்து எட்டிப் பார்த்துத் திரும்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளட்ச்சும் என்ஜினும்

சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். எந்த இடத்தில் பிடிக்கிறது, பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து முழுதாகப் பிடிக்கும் வரை பெடல் எவ்வளவு தூரம் பயணிக்கிறது என்று கவனியுங்கள். அந்தத் தூரம் அதிகமாக இருந்தால் புதியவருக்கு நல்லது. பெடலின் உச்சியில் சட்டென்று பிடிக்கும் கிளட்ச் சிக்னலுக்குச் சிக்னல் வண்டியை ஆஃப் ஆக்கும்.

இந்தச் சோதனையில் எக்ஸ்டர் முதலில் நிற்கிறது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின், திறன் 83 பி.எஸ்., இழுவை 114 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நான்கு சிலிண்டர் என்பதால் குறைந்த சுழற்சியிலும் அதிர்வில்லாமல் சீராக ஓடும். கிளட்ச் லேசு. இரண்டாவது கியரில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏ.சி.யோடு ஊர்ந்தாலும் முரண்டு பிடிக்காது. வண்டி தப்பை மன்னிக்கும் என்று ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

பஞ்ச்சின் 1.2 லிட்டர் பெட்ரோல் மூன்று சிலிண்டர். 1199 சி.சி., 88 பி.எஸ்., 115 நியூட்டன் மீட்டர். எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான், குணம் வேறு. நிற்கும்போதே லேசான அதிர்வு காலில் தெரியும். ஏ.சி. ஓடும்போது குறைந்த வேகத்தில் கியரை இறக்காமல் விட்டால் குலுங்கி ஆஃப் ஆகும். இரண்டாவது கியரில் இழுக்காது என்று தோன்றினால் தயங்காமல் முதல் கியருக்கு வரப் பழக வேண்டும். பழகியபின் தொல்லை இல்லை, பழகும்வரை நான்கு பேர் ஹாரன் அடிப்பார்கள்.

டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக் கூடுதல் பலம் எடுக்கும் என்ஜின்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நெக்ஸானின் 1.2 டர்போ (120 பி.எஸ்., 170 நியூட்டன் மீட்டர்), கைலாக்கின் 1.0 டர்போ (115 பி.எஸ்., 178 நியூட்டன் மீட்டர்) இரண்டும் ஹைவேயில் அருமையானவை. ஆனால் டர்போ முழு பலத்தோடு வேலை செய்ய நிமிடத்துக்குச் சுமார் 1,700, 1,800 சுழற்சி வேண்டும். அதற்குக் கீழே என்ஜின் சோம்பல், அதைத் தாண்டியதும் ஒரே தள்ளு. புதிதாக ஓட்டுகிறவர் வண்டி நகரவில்லையே என்று ஆக்சிலரேட்டரைக் கூட்டுவார், அடுத்த நொடி முன்னால் நிற்கும் ஆட்டோவின் மேல் பாயும். பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டரில் (103 பி.எஸ்., 137 நியூட்டன் மீட்டர்) டர்போ கிடையாது. மிதித்த அளவுக்கு நகரும், அவ்வளவுதான். முதல் காருக்கு அந்த நேர்மை பெரிய விஷயம். 40 சதவீத வரியைக் கொடுத்தாவது சிலர் அதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

கிளட்ச் பிளேட் சீக்கிரம் போவதற்கு வண்டி காரணமாக இருப்பது குறைவு. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும், ஓடும்போது இடது காலைக் கிளட்ச் பெடலிலேயே வைத்திருப்பதும்தான் அதைத் தின்னும். தேய்மானப் பொருள் என்பதால் சாதாரண தேய்மானத்துக்கு வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் கிளட்ச்சுக்கு இடது பக்கம் காலை வைத்துக்கொள்ள மேடை, அதாவது டெட் பெடல், இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவோடு பாருங்கள். இடம் நெருக்கமாக இருந்தால் கால் தானாகவே கிளட்ச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா

நம் நாட்டில் இலகு ரக வாகனத்துக்கான எல்.எம்.வி. லைசென்ஸ் ஒன்று இருந்தால் இரண்டையும் ஓட்டலாம். சென்னை, கோவை நெரிசலில் தினமும் ஓட்டப்போகிறவர் முதல் காரையே ஆட்டோமேட்டிக்காக எடுப்பதில் தப்பு இல்லை. கவனமெல்லாம் கால் மேல் போகாமல் ரோட்டின் மேல் இருக்கும். ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வேறு வேறு சாமான்களை விற்கிறார்கள்.

விலை குறைந்தது ஏ.எம்.டி. பஞ்ச், எக்ஸ்டர், ஃப்ரான்க்ஸ் 1.2, மேக்னைட் 1.0 எல்லாவற்றிலும் இது உண்டு. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச்சும்தான். உங்கள் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு கருவி அந்த வேலையைச் செய்கிறது. கியர் மாறும்போது தலை முன்னால் ஆடும், ஓவர்டேக்கில் ஒரு நொடி யோசிக்கும். கியர் மாறப்போகிறது என்று தெரிந்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் பாதி குறையும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டராலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். உள்ளே கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும், கருகிய வாசனை வரும். ஹில் ஹோல்ட் உள்ள வேரியன்ட்டாகப் பார்த்து எடுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு நொடி வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வசதி அது. ஏ.எம்.டி.யில் அதில்லாமல் வாங்குவது சரியில்லை.

மேக்னைட் டர்போவில் வரும் சி.வி.டி.யில் தனித்தனி கியர்களே இல்லை, அதனால் கியர் மாறுவதே தெரியாது. நகர நெரிசலுக்கு இந்த விலையில் இதைவிட மென்மையானது கிடைப்பது கஷ்டம். அவசரமாக மிதித்தால் சத்தம் முதலில், வேகம் பிறகு என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிரெஸ்ஸா, கைலாக், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஃப்ரான்க்ஸ் டர்போ ஆகியவற்றில் வரும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர்தான் நீண்ட காலத்துக்கு நம்பகமானது. என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் ஊர்ந்து போகும்போது தேய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவோ, கொல்லிமலையின் 70 வளைவோ அடிக்கடி ஏறப்போகிறவர் பணத்தை இங்கே போடலாம். இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை முதல் காருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அங்குலம் அங்குலமாக நகரும் டிராஃபிக்கில் கிளட்ச் சூடாகும், ரிப்பேர் வந்தால் செலவு கனம்.

அகலமும் பார்க்கிங்கும்

விளம்பரத்தில் நீளத்தைச் சொல்வார்கள், கோடு விழுவது அகலத்தால். எக்ஸ்டர் 1710 மி.மீ., பஞ்ச் 1742, மேக்னைட் 1758, கைலாக் 1783, பிரெஸ்ஸா 1790, நெக்ஸான் 1804, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 1821. எக்ஸ்டருக்கும் 3எக்ஸ்ஓவுக்கும் நடுவில் 11 செ.மீ. இந்த எண்களில் பக்கக் கண்ணாடிகள் சேரவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் உங்கள் பார்க்கிங் இடத்தை டேப் பிடித்து அளங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவில், தூணின் பூச்சு முகத்திலிருந்து பூச்சு முகம் வரை. அதிலிருந்து வண்டியின் அகலத்தைக் கழியுங்கள். மீதி இருக்கும் இடத்தில் ஓட்டுநர் பக்கம் மட்டும் 60 செ.மீ.யாவது வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறந்து இறங்க முடியாது. பஞ்ச்சின் கதவுகள் 90 டிகிரி திறக்கும். வயதானவர்களுக்கு இது வரப்பிரசாதம், நெருக்கமான பார்க்கிங்கில் பக்கத்துக் காருக்கு ஆபத்து. காற்று அடிக்கும் இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும்.

திருப்பும் ஆரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஃப்ரான்க்ஸுக்கு 4.9 மீட்டர். அதை இரட்டிப்பாக்கினால் ஒரே வீச்சில் யூ டர்ன் போடத் தேவையான அகலம், கிட்டத்தட்ட 10 மீட்டர். உங்கள் தெரு 20 அடி என்றால், அதாவது 6 மீட்டர், எந்த வண்டி எடுத்தாலும் ஒரே வீச்சில் திரும்பாது. அப்படியிருக்க ரிவர்ஸ் கேமரா ஆடம்பரம் இல்லை. பின்பக்க சென்சார் 2019 ஜூலையிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயம், கேமரா கட்டாயமில்லை. ஆரம்ப வேரியன்ட்டில் இல்லையென்றால் டீலரிடமே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே ஒயரை வெட்டி ஒட்டிப் போட்டால் மின்சார வாரண்டியில் வழக்கு வரும்.

வேகத்தடையும் மழைத் தண்ணீரும்

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் அகலம் ஒரு முழம், உயரம் அதற்கு ஏற்றாற்போல. பஞ்ச்சின் தரை இடைவெளி 2021 வடிவத்தில் 187 மி.மீ., எக்ஸ்டர் 185, பிரெஸ்ஸா 198, மேக்னைட் 205, நெக்ஸான் 208. இந்த அளவுகள் பெரும்பாலும் காலி வண்டிக்குச் சொல்வது. ஐந்து பேரும் ஊருக்குப் போகும் மூட்டைகளும் ஏறினால் பின்பக்கம் நன்றாக இறங்கிவிடும். ஆனாலும் இந்த வண்டிகளில் எதுவும் சாதாரண வேகத்தடையில் தட்டாது. குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி ஓட்டும் பழக்கம் இங்கே தேவையில்லை. நேராக, மெதுவாக ஏறினால் போதும்.

தண்ணீர் வேறு விஷயம். தரை இடைவெளி 20 செ.மீ. இருப்பதால் தண்ணீரில் இறங்கலாம் என்று நினைப்பதுதான் எஸ்யூவி வாங்குகிறவர்கள் செய்யும் மிகப் பெரிய தப்பு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கின. 185/70 ஆர்15 டயரின் மொத்த உயரம் 64 செ.மீ., பாதி 32 செ.மீ. சக்கரத்தின் நடுப்பகுதிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் போகக்கூடாது. எதிரே பஸ் வந்தால் அலை பானெட் வரை எழும். காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி வெளியே எடுத்து, டோ பண்ணி அனுப்ப வேண்டும். சாதாரண காப்பீட்டில் இந்த என்ஜின் சேதத்துக்குப் பணம் வராது. என்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் அலாய் வீலை விட்டுவிட்டு இதற்குப் பணம் கட்டுங்கள்.

பாதுகாப்பு

இங்கே சமரசம் கிடையாது. காரை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபர் 1 முதல் நடக்கிறது. அதில் எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவும் கைலாக்கும் ஐந்து நட்சத்திரம். இரண்டிலும் ஆறு ஏர்பேக் ஆரம்ப வேரியன்ட்டிலிருந்தே உண்டு. நெக்ஸான் 2018-ல் அதேபோன்ற சர்வதேச சோதனையான குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார், மாற்றிய வடிவமும் 2024-ல் கடுமையான புது விதிகளின்படி அதையே வாங்கியது. பஞ்ச் 2021-ல் பழைய விதிகளின்படி பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நான்கு. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். எக்ஸ்டரில் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வருகிறது.

நட்சத்திரத்துக்கு அடுத்து புதியவர் கேட்க வேண்டியது இ.எஸ்.சி., அதாவது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். ஈரச் சாலையில் நாய் குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை வெட்டி ஒடித்தால், உயரமான வண்டி ஹேட்ச்பேக்கைவிட அதிகமாகச் சாயும். அந்த நேரத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் கொடுத்து வண்டியை நேராக்குவது இ.எஸ்.சி.தான். எந்த வேரியன்ட்டிலிருந்து உண்டு என்று எழுத்தில் கேளுங்கள்.

டெலிவரி அன்றே சீட் கவர் போட்டுக் கொடுப்பார்கள். பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டின் ஓரத்திலிருந்து வெடித்து வருவது. இறுக்கித் தைத்த கவர் அதை அடைத்துவிடும். ஏர்பேக் வரும் இடத்தில் பிரிந்து கொடுக்கும் தையல் உள்ள கவரா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன்னால் இரும்பு கார்டு போடவே கூடாது. சட்டப்படியும் தப்பு, மோதலின் கணக்கைக் குழப்பி ஏர்பேக்கையும் கெடுக்கும்.

பத்து லட்சம் என்ற கோடு

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். கோட்டைத் தாண்டிய தொகைக்கு மட்டுமில்லை, முழு விலைக்கும். 9.95 லட்சம் வண்டிக்கு வரி ரூ.1,29,350. 10.05 லட்சம் வண்டிக்கு ரூ.1,80,900. பத்தாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ரூ.51,550 கூடுதல் வரி. மேல் வேரியன்ட்டின் சன்ரூஃப் உண்மையில் என்ன விலை என்று இப்போது புரியும். பத்து லட்சத்தைத் தாண்டினால் விற்பவரே வருமான வரிக்காக வசூலிக்கும் டி.சி.எஸ். 1 சதவீதம் வேறு பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் போதும். முதல் இரண்டு வருடம் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் அவசியம் எடுங்கள், பம்பரும் கதவும் எப்படியும் ஒரு தடவை உரசும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று கொட்டேஷனில் ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

எங்கள் தேர்வு

நகரத்துக்குள் ஓட்டம், குறுகிய தெரு, பட்ஜெட் எட்டு லட்சத்தை ஒட்டி என்றால் எக்ஸ்டர் மேனுவல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது, 391 லிட்டர் டிக்கியும் தாராளம். அதே பணத்தில் கரடுமுரடான கிராமத்து ரோடு அதிகம் என்றால் பஞ்ச். கிளட்ச்சுக்குப் பழக இரண்டு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மேனுவலே வேண்டாம், பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட் டர்போ சி.வி.டி. வாரம் தவறாமல் ஹைவேயில் குடும்பத்தோடு போகிறவர், கூட ஓட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால் கைலாக் ஆட்டோமேட்டிக். 446 லிட்டர் டிக்கியில் நான்கு பேரின் பெட்டியும் போய்விடும். எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ நல்ல வண்டி, ஆனால் அந்த அகலம் முதல் வருடத்துக்கு ஏற்றதில்லை. சி.என்.ஜி. வேண்டும் என்பவர்கள் பங்க் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், வரிசை எவ்வளவு நீளம் என்று ஒரு மாலை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பஞ்ச் சி.என்.ஜி.யில் திறன் 73.5 பி.எஸ்.ஸாக இறங்கும், மலையேற்றத்தில் அது காலில் தெரியும்.

டெலிவரி எடுக்கும்போது

பதிவு எண் வாங்கும் முன்பே வண்டியை யார்டில் போய்ப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம் தயாரானது. ஐந்து டயரும் ஒரே காலத்தவையா என்று பார்க்கவும். ஓடோமீட்டர் நூறைத் தாண்டியிருந்தால் காரணம் கேளுங்கள். கதவு இடுக்குகளில் விரலை ஓட்டினால் மறுபெயின்ட் அடித்த இடம் சொரசொரப்பாகத் தெரியும். நிழலில் பார்க்காதீர்கள், வண்டியை வெயிலுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு கோயில். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, குடும்பமே வண்டியைச் சுற்றி நிற்கும். குழந்தைகள் பானெட்டுக்கு முன்னால் நிற்பார்கள். புதிதாக ஓட்டுகிறவர் ஓட்டிப் பார்த்திராத வண்டி, பழக்கமில்லாத கிளட்ச், எல்லோர் கண்ணும் அவர் மேல். பழம் நசுங்கவில்லை என்று ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால் வண்டி படிக்கட்டில் போய்த்தான் நிற்கும். முதலில் முன்னால் இருக்கும் எல்லோரையும் பக்கவாட்டுக்கு வரச் சொல்லுங்கள். மாலை முன் கண்ணாடியை மறைக்காமல் இருக்கட்டும். மேனுவல் என்றால் முதல் கியர், ஹேண்ட் பிரேக்கை இறக்கி, வலது கால் பிரேக் மேலேயே இருக்க, கிளட்ச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். என்ஜின் சத்தம் லேசாகக் கம்மும் இடத்தில் பிரேக்கைத் தளர்த்துங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் போட்டு பிரேக்கை மெல்லத் தளர்த்தினாலே ஊரும். பழம் நசுங்கும் சத்தம் கேட்டதும் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து அமுக்கி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குங்கள். இது முழுவதற்கும் ஆக்சிலரேட்டரில் கால் படவே வேண்டியதில்லை.